பிடித்து வைப்பதும் திருப்பித் தருவதும்

தெருவிளக்குக் கம்பத்தில் மஞ்சளாக எரியும் சோடியம் விளக்குக்குத் தன் அளவு தெரியாது. அதன் பௌதிகம் அப்படி. குண்டு பல்பின் இழை சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடும். அதனால் அது தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும். சோடியம், பாதரசம், மெட்டல் ஹாலைடு என்று ஆவிக்குள் மின்வில் எரியும் விளக்குகளில் கதை நேர்மாறு. மின்னோட்டம் கூடினால் அயனிகள் பெருகும். அயனிகள் பெருகினால் தடை குறையும். தடை குறைந்தால் மின்னோட்டம் இன்னும் கூடும். குறுக்கே எதையும் வைக்காமல் விட்டால், வில் பற்றிக்கொண்ட மறுகணம் ஃபியூஸ் போகும். இல்லையென்றால் விளக்கே வெடிக்கும். பெறப்பெற வளரும் வேட்கையைப் பற்றி வள்ளுவர் 'அவா அறுத்தல்' என்று ஓர் அதிகாரமே எழுதினார். அந்தச் சுபாவம் ஒரு விரல் நீளப் பீங்கான் குழாய்க்குள்ளும் இருக்கிறது.

அதனால்தான் சோக். வீட்டு ட்யூப்லைட் பட்டிக்குள் கறுப்பாகக் கனத்து உட்கார்ந்திருந்த அதே பொருள்தான். சோடியம் விளக்குக்கு அது செங்கல் அளவில் இருக்கும். இரும்புத் தகடுகளின் மேல் சுற்றிய செம்புக் கம்பி, அவ்வளவே. ஆனால் அதைக் கடையில் வாங்காமல் தானே சுற்றிக் கட்ட முனைகிறவர், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு பழைய தத்துவக் கேள்விக்குள் நுழைந்துவிடுகிறார். கட்டு என்பது எப்போது தடை, எப்போது துணை?

கட்டுப்பாடு இல்லாமல் சுதந்திரம் இல்லை என்று சொல்வது எளிது. இம்மானுவேல் கான்ட் 1781இல் வெளியிட்ட 'தூய அறிவின் விமரிசனம்' நூலின் அறிமுகவுரையில் ஒரு புறா வருகிறது. காற்றைக் கிழித்துப் பறக்கும் புறா, இந்தக் காற்றின் எதிர்ப்பு மட்டும் இல்லாதிருந்தால் வெற்றிடத்தில் இன்னும் சுகமாகப் பறக்கலாமே என்று நினைத்துக்கொள்ளக்கூடும் என்கிறார் கான்ட். புலன்களின் உலகை விட்டுவிட்டுக் கருத்துகளின் சிறகில் மட்டும் பறக்கப் பார்த்த பிளேட்டோவுக்கு அவர் சொன்ன மறுப்பு அது. எதிர்ப்பு இல்லாத இடத்தில் சிறகு எதன் மேல் அழுந்தும்?

அழகான வாதம்தான். ஆனால் இதோடு நின்றுவிடுவது ஆபத்து. கட்டுப்பாடு நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், மனிதரை ஒடுக்கிய ஒவ்வொரு விதியும் அந்த வாக்கியத்துக்குள் வந்து ஒளிந்துகொள்ளும். கைம்பெண்ணின் தலையை மழித்துச் சமையற்கட்டில் உட்கார வைத்தவர்களும் அதை நோன்பு என்றுதான் சொன்னார்கள். ஒரு சாரார் இந்தத் தெருவில் நடக்கக் கூடாது, இந்தக் கிணற்றில் இறைக்கக் கூடாது என்றவர்களும் ஒழுங்கின் பெயரால்தான் பேசினார்கள். ஆகவே கட்டு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி போதாது. பிடித்து வைத்ததை அந்தக் கட்டு என்ன செய்கிறது என்று அடுத்தபடியாகக் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்விக்குச் சோக் கட்டுகிறவரிடம் துல்லியமான பதில் இருக்கிறது.

250 வாட் சோடியம் விளக்கை எடுத்துக்கொள்வோம். சூடேறி நிலைத்த பிறகு அதன் முனைகளுக்கு இடையே சுமார் 100 வோல்ட் இருக்கும். 3 ஆம்பியர் ஓடும். வீட்டுக்கு வருவதோ 230 வோல்ட். மீதியை ஏதாவது ஒன்று தாங்க வேண்டும். ஒரு மின்தடையை வைத்துத் தாங்க வைக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் கரிக்கோல் வில்விளக்குகளோடு தொடரில் மின்தடைகளைத்தான் கோத்தார்கள். இங்கே அதையே செய்தால் 130 வோல்ட்டை 3 ஆம்பியரால் பெருக்கிப் பார்க்க வேண்டும்: 390 வாட். விளக்கு தின்பது 250. விளக்கை அடக்கி வைக்கும் பொருள் தின்பது 390. அவ்வளவும் வெறும் சூடு. அடக்குகிறது என்பது உண்மை. அடக்குவதற்காக எரித்துத் தள்ளுகிறது என்பதும் உண்மை.

சோக் வேறு வழியில் போகிறது. மின்னோட்டம் ஏறும்போது சோக் தன் காந்தப்புலத்தில் ஆற்றலைச் சேர்த்துக்கொள்கிறது. இறங்கும்போது சேர்த்ததைத் திருப்பிக் கொடுக்கிறது. மேற்சொன்ன விளக்குக்கான சோக்கில் ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒன்றரை ஜூலுக்குச் சற்று மேல் சேரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த வாங்கலும் கொடுக்கலும் நொடிக்கு 100 முறை நடக்கும். கம்பியும் இரும்பும் கொஞ்சம் சுடத்தான் செய்யும். தரமாகக் கட்டிய சோக்கில் அந்த இழப்பு 25 வாட் அளவில் நின்றுவிடும். 390 எங்கே, 25 எங்கே! இரண்டும் விளக்குக்கு ஒரே 3 ஆம்பியரைத்தான் அளந்து விடுகின்றன. வெளியிலிருந்து பார்க்கும் விளக்குக்கு இரண்டும் ஒரே கட்டுதான்.

வித்தியாசம் இதோடு முடியவில்லை. மாறுமின்சாரத்தில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுகிறது. தொடும் ஒவ்வொரு முறையும் வில் அணைகிறது. மின்தடை வைத்த சுற்றில் மின்னோட்டம் சுழியாகும் அதே கணத்தில் மின்னழுத்தமும் சுழியாகிவிடும். அணைந்த வில்லை மறுபடி எழுப்பக் கையில் ஒன்றும் இல்லை. அழுத்தம் மெல்ல ஏறி வரும்வரை ஆவி ஆறிக்கொண்டே இருக்கும். சோக் வைத்த சுற்றில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வருகிறது. அதனால் வில் அணையும் கணத்தில் மின்வழியின் அழுத்தம் உச்சத்தை ஒட்டி நிற்கிறது. எதிர்த்திசையில் வில்லை உடனே எழுப்பிவிடுகிறது. இவ்வளவு நேரம் இழுத்துப் பிடித்த அதே குணம்தான், அந்தப் பின்தங்கலேதான், அணைந்ததை உயிர்ப்பிக்கிறது. பிடிப்பதற்கு ஒன்று, எழுப்புவதற்கு ஒன்று என்று தனித்தனியாக எதையும் வைக்கவில்லை.

தமிழ்ச் சைவம் படித்தவருக்கு இந்த இடத்தில் ஒரு சொல் நினைவுக்கு வராமல் போகாது: திரோதானம். சிவனின் ஐந்தொழில்களில் படைத்தலும் காத்தலும் அழித்தலும் எளிதில் புரியும். கடைசியில் வரும் அருளலும் புரியும். நான்காவதான மறைத்தல், அதாவது திரோதானம்தான் சிக்கல். கருணையே வடிவான இறைவன் உயிரிடமிருந்து தன்னை ஏன் மறைத்துக்கொள்ள வேண்டும்? சைவ சித்தாந்தத்தின் விடை துணிச்சலானது. உயிர் பக்குவப்படாத நிலையில் முழு ஒளியும் ஒருசேர வந்தால் தாங்காது. உலக அனுபவங்களில் ஈடுபட்டு, வினைகளைத் துய்த்து, ஆணவம் முற்றிக் கழலும்வரை உயிரைப் பொறுக்க வைப்பது மறைப்பு. அந்த மறைப்பும் அருளின் செயலே. ஆணவத்தோடு சேர்ந்து நின்று வேலை செய்வதால் ஆசிரியர்கள் அதை உபசாரமாக, மலம் எனப்படும் உயிரின் அழுக்குகளின் பட்டியலிலேயே வைத்து எண்ணியதும் உண்டு. மலமாகத் தோன்றுவதன் உள்ளே இருப்பது சத்தி என்பதை அவர்கள் மறக்கவில்லை. நடராசர் திருவடிவத்தை விளக்கும் 'உண்மை விளக்கம்' மறைத்தலை ஊன்றிய திருவடியில் வைக்கிறது, அருளைத் தூக்கிய திருவடியில் வைக்கிறது. கீழே அழுந்தி நிற்கும் கால் இல்லாமல் மேலே தூக்கிய கால் நிற்காது.

இந்தக் கோட்பாட்டையும் தவறாகப் பயன்படுத்த முடியும், பயன்படுத்தியும் இருக்கிறார்கள். துன்பப்படுகிறவரிடம் போய், இதெல்லாம் உன்னைப் பக்குவப்படுத்த என்று சொல்வது கொடுமை. இதற்குச் சோக்கின் கணக்கு ஓர் எல்லை போடுகிறது. திரோதானம் அருள் என்று ஏன் சொல்ல முடிகிறது? மறைத்த சத்தி உயிரிடமிருந்து எடுத்ததைத் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. இறைவனுக்கு அதில் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அவ்வளவும் உயிருக்கே திரும்புகிறது. மனிதர் மனிதருக்குப் போடும் கட்டில் இந்த நிபந்தனை நிறைவேறுவது அபூர்வம். ஆகவே மனிதர் போடும் கட்டைத் திரோதானத்தோடு ஒப்பிட எவருக்கும் எளிதில் உரிமை வந்துவிடாது.

மின்வில்லின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. வில் ஏன் அளவில்லாமல் வாங்குகிறது, ஏன் சீறுகிறது, மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் வில்லின் நீளத்துக்கும் என்ன உறவு என்பதைப் பொறுமையாக அளந்து எழுதியவர் ஹெர்தா அயர்ட்டன். இங்கிலாந்தின் போர்ட்சீயில் 1854இல் பிறந்தவர், கடிகாரக்காரரின் மகள். வில்லின் சீறலுக்குக் காரணம், கரிமுனையின் குழிவுக்குள் காற்றின் ஆக்சிஜன் புகுந்து கரியோடு சேர்வதே என்று காட்டினார். 1899இல் பிரிட்டிஷ் மின்பொறியாளர் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார். 1902இல் 'மின்வில்' என்ற அவரது பெரிய நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் ராயல் சொசைட்டிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. மணமான பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். 1906இல் அதே ராயல் சொசைட்டி அவருக்கு ஹியூஸ் பதக்கம் கொடுத்தது. உறுப்பினர் இடம் மட்டும் கடைசிவரை கொடுக்கவில்லை. 1923இல் அவர் இறந்தார். ராயல் சொசைட்டி முதன்முதலாகப் பெண்களைத் தேர்ந்தெடுத்தது 1945இல்.

அந்த விதி யாருக்கு எதைத் திருப்பிக் கொடுத்தது? அயர்ட்டனின் ஆற்றலைச் சேர்த்து வைத்துப் பிறகு அவருக்கே விட்டதா? ராயல் சொசைட்டியின் அறிவு அதனால் ஒரு துளி கூடியதா? எடுத்தது அவ்வளவும் சூடாகப் போயிற்று. இது 390 வாட் மின்தடை. அவரோ வாளாவிருக்கவில்லை, பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தில் சேர்ந்தார். சிறையில் உண்ணாவிரதம் இருந்து உடல் நைந்து வெளியே வந்த பெண்களைத் தன் வீட்டில் வைத்துத் தேற்றினார். அந்தப் போராட்டத்தின் தலைவி எம்மலின் பாங்கர்ஸ்டும் அவர்களில் ஒருவர். சிறை அந்தப் பெண்களை அடக்கியது. அவர்களோ தம் பசியைத் தாமே அடக்கினார்கள். ஒரே உடலின் மேல் இரண்டு கட்டுகள். வாக்குரிமையாகத் திரும்பி வந்தது இரண்டாவது கட்டு மட்டும்.

சோக்கைக் கட்டும் வேலைக்குத் திரும்பலாம், ஏனென்றால் அளவைப் பற்றிய பாடம் அங்கேதான் கைக்கு எட்டுகிறது. பழைய டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து எடுத்த ஈ-ஐ ஸ்டாம்பிங், நடுக்கால் 20 சதுர சென்டிமீட்டர். 18 கேஜ் எனாமல் கம்பி, சுமார் 375 சுற்று. ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே லெதராய்டு காகிதம். இதுவரை டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங் தெரிந்த எவரும் செய்துவிடுவார். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரில் ஈ தகடுகளையும் ஐ தகடுகளையும் மாற்றி மாற்றிச் செருகி இடைவெளியே இல்லாமல் இறுக்குவார்கள். சோக்கில் அப்படிச் செய்தால் இரும்பு காந்தத்தில் நிறைவுற்றுப்போய், பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிவிட்டுவிடும். எனவே ஈ அனைத்தையும் ஒரு பக்கம், ஐ அனைத்தையும் எதிர்ப்பக்கம் அடுக்கி, நடுவே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் காகிதம் வைக்க வேண்டும். காந்தப்பாதை அந்த இடைவெளியை இரண்டு முறை கடப்பதால் மொத்தம் 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே வரும்.

சோக் சேர்த்து வைக்கும் ஆற்றலில் பெரும்பகுதி இருப்பது அந்தக் காகித இடைவெளியில்தான். கிலோக்கணக்கில் கனக்கும் இரும்பு காந்தப்பாயத்துக்கு வழிகாட்டுகிறது. கையிருப்பு இருப்பதோ வெற்றிடம் போன்ற அந்தச் சந்தில். சோக்கின் அழுத்தமும் விளக்கின் அழுத்தமும் ஒரே கணத்தில் உச்சம் தொடாததால், சோக் தாங்குவது 130 அல்ல, சுமார் 180 வோல்ட். கட்டுகிறவர் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் அந்த 180 வோல்ட்டை வைத்துச் சோக்கை மட்டும் இணைத்து, கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டத்தைப் பார்ப்பார். 3 ஆம்பியரைத் தாண்டினால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, போல்ட்டைத் தளர்த்தி, ஒரு தாளை உருவி, மறுபடி இறுக்குவார். குறைந்தால் ஒரு தாள் சேர்ப்பார். ஒரு தாள் வித்தியாசத்தில் மீட்டர் முள் நகர்வது கண்ணுக்குத் தெரியும். சரியாக வந்த பிறகு வார்னிஷில் முக்கி, சூட்டில் உலர்த்தி, அசைய முடியாதபடி செய்வார். இல்லையென்றால் தகடுகள் ராப்பகலாக ரீங்கரிக்கும். எர்த்தை மறக்கக் கூடாது. சுற்றில் சேர்க்கும் கண்டென்சரில் தங்கிய மின்சாரம் இறங்கும்வரை கை வைக்கக் கூடாது. சோடியம் விளக்கைப் பற்ற வைக்கும் இக்னைட்டர் சில ஆயிரம் வோல்ட் துடிப்பைக் கக்கும். வைண்டிங்கின் இன்சுலேஷன் அதையும் தாங்க வேண்டும். அரைகுறையாகத் தெரிந்தவர் இறங்கும் வேலை இல்லை இது.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய சோக் 250 வாட் சோடியம் விளக்குக்கு மட்டுமே பொருந்தும். அதில் 150 வாட் விளக்கை மாட்டினால் அளவுக்கு மீறி எரிந்து சீக்கிரம் சாகும். 400 வாட் விளக்கை மாட்டினால் முழு வெளிச்சத்துக்கு வராமல் மங்கலாகத் தவிக்கும். மூன்று விளக்குகளும் ஒரே இனம், ஒரே ஆவி. கட்டின் அளவு மட்டும் வேறு. சமணம் இதை நன்றாக அறிந்திருந்தது. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரமசரியம், பற்றின்மை என்ற அதே ஐந்தைத்தான் துறவிக்கும் இல்லறத்தாருக்கும் விதித்தது. துறவிக்கு அவை மகாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம். துறவியின் அளவை வீட்டில் இருப்பவர் மேல் ஏற்றவில்லை. மதங்கள் எல்லாமே இந்த அளவை ஒழுங்காகக் காத்திருந்தால் எத்தனையோ இளம் மனங்கள் தேவையற்ற குற்ற உணர்ச்சியில் வெந்திருக்காது.

தானே கட்டுவது என்ற அம்சமும் இங்கே முக்கியம். காந்தி 1906இல் தென்னாப்பிரிக்காவில் பிரமசரிய விரதம் பூண்டார். விரதம் மனிதனின் சுதந்திரத்துக்குக் கதவடைப்பதில்லை, கதவைத் திறக்கிறது என்ற முடிவுக்கு வந்ததாகத் தன் சத்திய சோதனையில் எழுதுகிறார். தனக்குத் தானே விதித்த சட்டத்துக்குக் கட்டுப்படுவதே சுயாட்சி என்று கான்ட் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். விரதம் எடுக்கும் வேளையில்தான் மனைவியிடம் பேசியதாகவும், அவர் மறுப்புச் சொல்லவில்லை என்றும் காந்தி அதே நூலில் பதிவு செய்திருக்கிறார். இந்த இடம் உறுத்துகிறது. ஒருவர் தன் மேல் போட்டுக்கொள்ளும் கட்டு இன்னொருவரின் வாழ்வையும் பாதியாக்கும்போது, மறுக்காதிருத்தல் மட்டும் போதுமா? காந்திக்கு அந்தக் கட்டு திருப்பிக் கொடுத்தது என்பதில் ஐயமில்லை. அவருடைய பொதுவாழ்வே சான்று. கஸ்தூரிபாவுக்குத் தனியாக ஒரு கணக்குப் போட வேண்டும். அதைப் போடும் உரிமை அவருக்கே உரியது. அவர் கையால் எழுதிய சுயசரிதை நம்மிடம் இல்லை.

இன்னொரு வகைக் கட்டும் உண்டு. சோக்கே தேவைப்படாத பாதரச விளக்குகள் ஒரு காலத்தில் 160 வாட்டில் கடைகளில் கிடைத்தன. கண்ணாடிக்குள்ளேயே ஒரு டங்ஸ்டன் இழையை வைத்து, அது வில்லை அடக்கும்படி செய்திருந்தார்கள். இழையும் எரிந்து கொஞ்சம் வெளிச்சம் தரும். எளிமையான ஏற்பாடு, நேராக ஹோல்டரில் மாட்டிவிடலாம். ஆனால் ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சம் சோடியம் விளக்கு தருவதில் நாலில் ஒரு பங்குகூட வராது. தன்னைத் தானே எரித்துத் தன்னை அடக்கும் தவசிகளை எல்லா மரபுகளும் கண்டிருக்கின்றன. அவர்களை வணங்கலாம். தானே போட்டுக்கொண்டது என்பதால் மட்டும் ஒரு கட்டு திருப்பித் தரும் கட்டாகிவிடாது என்பதையும் அவர்கள் வாழ்வு காட்டுகிறது.

நகராட்சிகள் சோடியம் விளக்குகளை இறக்கிவிட்டு எல்இடி மாட்டுகின்றன. பாதரச வேபர் விளக்குகளைப் படிப்படியாக நிறுத்த 2013இன் மினமாட்டா உடன்படிக்கை வழி செய்தது. சோக்குகள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன; உள்ளே இருக்கும் செம்புக்கு நல்ல விலை. எல்இடிக்கும் தன் அளவு தெரியாது. சூடேறினால் அதுவும் கூடுதலாக மின்னோட்டம் வாங்கும். அதனால் அதற்கும் டிரைவர் என்ற ஒரு மின்சுற்றை வைக்கிறார்கள், பெரும்பாலான டிரைவர்களுக்குள்ளும் ஒரு சிறு காயில் நொடிக்குப் பல்லாயிரம் முறை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பொருள் மாறியது, ஏற்பாடு மாறவில்லை.

கடைசியாக ஓர் ஐயம் எழும். சித்தாந்தத்தில் மலம் பக்குவப்பட்டதும் மறைத்த சத்தியே அருட்சத்தியாக வெளிப்படுகிறது, மறைப்பு முடிந்துபோகிறது. சோக்கோ விளக்கு எரியும் காலம் முழுவதும் இருந்தாக வேண்டும்; ஒரு நொடி அதைத் தாண்டிக் கம்பியை இணைத்தாலும் விளக்கு போய்விடும். அப்படியானால் ஒப்புமை இங்கே உடைகிறதா? சித்தாந்தி உடையவில்லை என்பார், காரணமும் சொல்வார். முத்தியிலும் உயிர் சிவமாகிவிடுவதில்லை. சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பு உயிருக்கு ஒருபோதும் போவதில்லை. முன்பு மலத்தைச் சார்ந்து நின்றது, இப்போது திருவடியைச் சார்ந்து நிற்கிறது. சார்பே இல்லாத தனி நிலை ஒன்றை அவர் முத்தி என்று ஒப்புவதில்லை. அத்வைதி இந்த இடத்தில் அவரோடு உடன்படமாட்டார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை; அதைத் தீர்க்க ஒரு சோக்கால் ஆகாது. தன் மேல் விழுந்த ஒவ்வொரு கட்டையும் பார்த்து, என்னிடம் வாங்கியதில் எனக்குத் திரும்பியது எவ்வளவு என்று கேட்க மனிதருக்கு வாய் இருக்கிறது. அயர்ட்டன் கேட்டார். கைம்பெண்களும் கிணற்றடியில் நிறுத்தப்பட்டவர்களும் கேட்டார்கள். கேட்டபோதெல்லாம், பதில் சொல்ல முடியாத விதிகள் ஒன்றொன்றாகக் கழன்று விழுந்தன. இன்னும் விழ வேண்டியவை பல இருக்கின்றன.